புரொஃபஷனல் ஃபுட்பால் கிரவுண்ட எப்படி பாத்துக்கறது: மோவர அப்புறம் எடுக்கலாம், முதல்ல கத்திய எடுங்க

பிட்ச்னு சொன்னா நம்ம ஆளுங்க பாதி பேருக்கு 22 கஜம் தான் கண்ணு முன்னாடி வரும், அதனால நான் கிரவுண்டுன்னே சொல்றேன். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், கோட்டுக்குள்ள மட்டும் 7140 சதுர மீட்டர் புல்லு. இந்த 7140ங்கற நம்பர மனப்பாடம் பண்ணிக்கோங்க, ஏன்னா உரம், விதை, மணல், தண்ணி எல்லா கணக்கும் இதுலேருந்து தான் வரும். 1 மில்லிமீட்டர் தண்ணி விடணும்னாலே 7140 லிட்டர் ஆயிடும், அப்ப 5 மில்லிமீட்டர்னா 35 ஆயிரம் லிட்டருக்கு மேல, இது தெரியாம ஸ்பிரிங்க்ளர் டைமர்ல கைய வைக்காதீங்க.

ஹெட் கிரவுண்ட்ஸ்மேன்னா, அதாவது கிரவுண்டு பராமரிப்புக்கு தலைவர்னா, காலையில வந்து புல்லு வெட்டற மெஷினான மோவர ஸ்டார்ட் பண்ற ஆளுன்னு நெனச்சு தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். இப்ப கிரவுண்டுக்குள்ள போனதும் நான் கையில எடுக்கறது ஒரு கத்தி. நீளமான, பழைய, கூர் போன கத்தியா இருந்தா கூட போதும். கோல் வாய்கிட்ட ரெண்டு, நடு வட்டத்துல ஒண்ணு, ஸ்டாண்டு நிழல் விழுற பக்கம் ரெண்டு, லைன்ஸ்மேன் மேலயும் கீழயும் ஓடுற ஓரத்துல ஒண்ணு, இப்படி ஒரு ஆறு ஏழு இடத்துல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ண ஆப்பு மாதிரி வெட்டி எடுத்து பாக்கணும், பாத்துட்டு அப்படியே திருப்பி வெச்சு காலால அமுக்கிடணும். என்ன பாக்கணும்னா, வேர் எவ்வளவு கீழ போயிருக்கு, வெள்ளையா இருக்கா பழுப்பா இருக்கா, மண்ணு கையில உதிருதா இல்ல பலகை மாதிரி நிக்குதா, மேல செத்த புல்லு எவ்வளவு தடிமனா சேந்திருக்கு. அப்புறம் மோந்து பாக்கணும். அழுகின முட்டை வாசனை வந்தா கீழ காத்தே இல்லன்னு அர்த்தம், கூடவே கருப்பா ஒரு கோடு மாதிரி தெரியும், அதுக்கு மேல நீங்க என்ன உரம் போட்டாலும் வேஸ்ட்டு தான்.

ஏன் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, மேல பாத்தா புல்லு செம பச்சையா இருக்கும், டிவில பாத்தா கம்பளம் மாதிரி இருக்கும், ஆனா கீழ வேர் 3 சென்டிமீட்டர் தான் இருக்கும், ஒரு டிஃபெண்டர் ஸ்லைடிங் டாக்கிள் போட்டா பாய சுருட்டின மாதிரி அப்படியே பேந்து வந்துடும். பச்சை கலர ரெண்டு நாள்ல கொண்டு வரலாம், இரும்பு சத்து ஸ்ப்ரே அடிச்சா போதும். வேர ரெண்டு நாள்ல கொண்டு வர முடியாது.

அடுத்தது கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. நல்ல ஸ்டேடியம் எல்லாமே தோட்டத்து மண்ணுல இல்ல, மணல்ல தான் இருக்கு. மேல 25லிருந்து 30 சென்டிமீட்டர் வரைக்கும் பெரும்பாலும் மணல் கலவை, அதுக்கு கீழ ஜல்லி, அதுக்குள்ள வடிகால் பைப்பு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, பல பேர் ஜல்லி இருக்கறதால தண்ணி உடனே இறங்கிடும்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல. மணல்ல இருக்கற சின்ன சின்ன இடுக்கு தண்ணிய புடிச்சு வெச்சுக்கும், ஜல்லியோட பெரிய இடுக்குக்குள்ள சட்டுனு விடாது, மேல மேல தண்ணி சேந்து கனம் தாங்காம போகும்போது தான் கீழ விடும். அதனால தான் வெறும் மணல்லயும் புல்லு உயிரோட இருக்கு, பெரிய மழை பெஞ்சாலும் குளம் கட்டாம இருக்கு. இத கெடுக்கறது ரெண்டே விஷயம், மேல சேர்ற செத்த புல்லு, அப்புறம் யாராவது அவசரத்துக்கு பொடி மண்ண கொண்டு வந்து கொட்டி பள்ளத்த நிரப்பறது. மேல போடற மணலோட துகள் சைஸ், கீழ இருக்கற மணலோட துகள் சைஸ்லயே இருக்கணும், அத லேப்ல குடுத்து பாத்துட்டு தான் வாங்கணும், கண்ணால பாத்து வாங்கினா ரெண்டு வருஷம் கழிச்சு அழுவீங்க.

உங்களோடது ஹைப்ரிட் கிரவுண்டான்னும் கேட்டுக்கோங்க. பிளாஸ்டிக் நார 2 சென்டிமீட்டருக்கு ஒண்ணா மணலுக்குள்ள தச்சு விட்டிருப்பாங்க, 18 சென்டிமீட்டர் உள்ள, 2 சென்டிமீட்டர் வெளிய. மொத்த புல்லுல பிளாஸ்டிக் கொஞ்சம் தான், 95 சதவீதத்துக்கு பக்கத்துல நிஜ புல்லு தான், ஆனா வேர் அந்த நார சுத்தி புடிச்சுக்கறதால கிரவுண்டு சீக்கிரம் பேந்து வராது. அதுக்காக பராமரிப்பு கம்மின்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. நாருக்கு நடுவுல அழுக்கும் செத்த புல்லும் சேந்தா சாதா கிரவுண்ட விட மோசமா இறுகும்.

தண்ணி. இந்த வேலையில அதிகமா தப்பு நடக்கற இடம் இது தான், நானும் பண்ணியிருக்கேன். ஆரம்பத்துல தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா விடுவேன், புல்லு சந்தோஷமா இருக்கும்னு நெனப்பு. ஆனா மேலயே தண்ணி கெடச்சா வேர் எதுக்கு கீழ இறங்கும்? அதுவும் நம்மள மாதிரி சோம்பேறி தான். ஈரப்பத மீட்டர குத்தி பாத்து, நல்லா குறைஞ்சதும் ஒரே தடவையா வேர் இருக்கற ஆழம் வரைக்கும் இறங்கற மாதிரி விடணும், அப்புறம் காய விடணும். மணல் கிரவுண்டுல நான் 18லிருந்து 25 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கறேன், உங்க மணலுக்கு அது மாறலாம், ஒரு மாசம் தினமும் குறிச்சு வெச்சா உங்க நம்பர் உங்களுக்கே தெரிஞ்சுடும். விடியற்காலையில விடுங்க. ராத்திரி முழுக்க இலை ஈரமா இருந்தா பூஞ்சைக்கு அழைப்பிதழ் வெச்ச மாதிரி. அதே காரணத்துக்கு தான் காலையில பனித்துளிய பெரிய பிரஷ்ஷாலயோ நீளமான கம்பாலயோ தட்டி விடறதும், பாக்க வெட்டி வேலை மாதிரி இருக்கும், பாதி பூஞ்சைய அதுலயே நிறுத்தலாம்.

மேட்ச் அன்னைக்கு விடற தண்ணி வேற கணக்கு. அது புல்லுக்கு இல்ல, பந்துக்கு. மேல ஈரமா இருந்தா பந்து சர்ர்னு ஓடும், பாஸிங் டீம் அத தான் கேப்பாங்க. கிக் ஆஃப்புக்கு முன்னாடியும் ஹாஃப் டைம்லயும் சில நிமிஷம் விடுவோம், ஆனா எப்ப எவ்வளவு விடப்போறோம்னு போட்டி நடத்தறவங்ககிட்டயும் ரெஃப்ரிகிட்டயும் முன்னாடியே சொல்லியிருக்கணும், எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி விடணும். உங்க டீம் அட்டாக் பண்ற பக்கம் மட்டும் ஈரமாக்கற புத்திசாலித்தனம் எல்லாம் வேண்டாம், மாட்டுவீங்க.

புல்லு வெட்டறதுக்கு வருவோம். சீசன்ல பெரும்பாலும் 22லிருந்து 28 மில்லிமீட்டருக்குள்ள வெப்பாங்க, ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யுஇஎஃப்ஏ போட்டிகள்ல 30க்கு மேல போகக்கூடாதுன்னு விதியே இருக்கு. குளிர் ஊருல போடற ரை புல்லுக்கு இந்த அளவு சரி, சூடான ஊருல போடற பெர்முடா புல்லு இன்னும் கம்மியா தாங்கும். ஒரு தடவை வெட்டும்போது உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க, அதிகமா எடுத்தா புல்லு சாப்பாடு தயாரிக்கற இலையே போயிடும், அப்புறம் வேர்ல இருக்கற சேமிப்ப எடுத்து தின்னு தான் பொழைக்கும். லீவு முடிஞ்சு வந்து 45ல இருக்கறத ஒரே நாள்ல 25க்கு கொண்டு வராதீங்க, மூணு நாலு தடவையா இறக்குங்க. பிளேடு கூரா இருக்கான்னு வெட்டின புல்லோட நுனிய பாத்தா தெரியும், நேரா வெட்டியிருந்தா ஓகே, கிழிஞ்ச துணி ஓரம் மாதிரி நூல் நூலா இருந்தா மறுநாள் கிரவுண்டே வெளுத்து தெரியும்.

சிலிண்டர் மோவர்ல வெட்டினா கத்திரிக்கோல்ல வெட்டின மாதிரி சுத்தமா இருக்கும், கோடும் நல்லா விழும். ரோட்டரி மோவர் உறிஞ்சி எடுக்கும், அதனால மேட்ச் முடிஞ்சதும் பிஞ்ச புல்லு, குப்பை எல்லாம் வாரறதுக்கு அது தான். ரெண்டும் வேணும். நடந்து வெட்டற 76 சென்டிமீட்டர் மோவர்னா ஒரு தடவை முழுசா வெட்ட இந்த கடைசிலேருந்து அந்த கடைசிக்கு 90 நடை நடக்கணும், 9 கிலோமீட்டருக்கு மேல நடை, டபுள் கட்டுன்னா, அதாவது அதே இடத்த ரெண்டு தடவை வெட்டினா, அதுவும் ரெண்டு மடங்கு. ஷூவுல காசு மிச்சம் புடிக்காதீங்க.

பட்டை பட்டையா தெரியுதே அது ரெண்டு வகை புல்லான்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க. ஒரே புல்லு தான், ரோலர் எந்த பக்கம் சாய்ச்சிருக்கோ அத பொறுத்து வெளிச்சம் திரும்புது, நம்மள விட்டு அந்தப்பக்கம் சாஞ்சது வெளுப்பா தெரியும், நம்மள பாத்து சாஞ்சது கருப்பச்சையா தெரியும். கணக்கு ஈஸி. பெனால்டி பாக்ஸ் 16.5 மீட்டர், அதுல 5.5 மீட்டர்ல மூணு பட்டை. பாக்ஸ் கோட்டுலேருந்து நடுக்கோடு வரைக்கும் சரியா 36 மீட்டர், அதுல 6 மீட்டர்ல ஆறு பட்டை. ஒரு பாதிக்கு ஒம்பது, மொத்தம் பதினெட்டு. லைன்ஸ்மேனுக்கு ஆஃப்சைடு பாக்க இது கை குடுக்கும், அதனால வட்டம், வைரம்னு டிசைன் போடற ஆசைய ஓரமா வைங்க, பெரிய போட்டிகள்ல நேர் பட்டை தான் கேக்கறாங்க.

கோடு போடறது கொத்தனார் வேலை மாதிரி. நூல் கட்டாம கோடு போடாதீங்க. மூலை சரியா இருக்கான்னு 3, 4, 5 மீட்டர் பக்கம் வெச்ச முக்கோணம் போட்டு பாருங்க, அப்புறம் குறுக்கு மூலைக்கு டேப் புடிச்சு பாருங்க, 105க்கு 68 கிரவுண்டுன்னா ரெண்டு குறுக்கும் 125.1 மீட்டர் வரணும், வரலன்னா எங்கயோ கோணல். கோடு 12 சென்டிமீட்டருக்கு மேல அகலம் இருக்கக்கூடாது, கோல் கோடும் போஸ்டும் ஒரே தடிமன்ல இருக்கணும். கிராஸ்பாருக்கு அடியிலேருந்து தரை வரைக்கும் 2.44 மீட்டர், இத சீசன் ஆரம்பத்துல மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, கோல்கீப்பர் நின்னு நின்னு கோல் வாய் பள்ளம் ஆயிடும், அப்ப கோல் தானா உசந்துடும். பெனால்டி ஸ்பாட்டு 11 மீட்டர். 1977ல இங்கிலாந்துல டெர்பி கவுன்ட்டி கிளப்புக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் நடந்த மேட்ச்சுல சேத்துல பெனால்டி ஸ்பாட்டே காணாம போயி, கிரவுண்ட்ஸ்மேன் டேப்பும் பெயிண்ட் பக்கெட்டும் எடுத்துக்கிட்டு நடு மேட்ச்சுல வந்து வரைஞ்சாரு. நமக்கு அந்த மாதிரி ஃபேமஸ் ஆகற யோகம் வேண்டாம்.

மண்ணுக்கு காத்து விடற வேலைய சீசன் பூரா விடாம பண்ணனும். 22 பேர் ஓடி, ஹெவி மெஷின் ஏறி இறங்கி, மண்ணு இறுகிக்கிட்டே போகும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஊசி மெஷினால ஓட்டை போடணும், வருஷத்துக்கு சில தடவை 20 சென்டிமீட்டருக்கு மேல ஆழமா இறங்கற பெரிய கம்பி வெச்சு மண்ண கீழ நெம்பி தளர்த்தணும். எப்பவும் ஒரே ஆழத்துக்கு குத்தாதீங்க, அந்த ஆழத்துலயே ஒரு இறுகின அடுக்கு உண்டாயிடும். ஈரம் சொதசொதன்னு இருக்கும்போதும் குத்தாதீங்க, ஓட்டையோட சுவர் பூசி விட்ட மாதிரி அடைச்சுக்கும்.

உரத்துக்கு ஒரே வார்த்தை: கொஞ்சமா, அடிக்கடி. மணல்ல சத்து நிக்காது, தண்ணியோட போயிடும். நைட்ரஜன் அதிகமா போட்டா புல்லு தளதளன்னு வளரும், உள்ள தண்ணி தான் இருக்கும், பூட்ஸ் பட்டா நசுங்கும், பூஞ்சை விரும்பி தின்னும். நான் முன்னாடி இருந்த ஒரு கிளப்புல பெரிய மேட்ச்சுக்கு பத்து நாள் முன்னாடி கலருக்கு ஆசப்பட்டு நைட்ரஜன தூக்கி போட்டேன், மேட்ச் அன்னைக்கு காலையில கிரவுண்டு பூரா வட்ட வட்டமா பழுப்பு. அன்னைக்கு யாரும் என்னைய திட்டல, அது தான் ரொம்ப வலிச்சுது. குளிர், ஈரம்னா ஃபியூசேரியம் மாதிரி பூஞ்சை, சூடான ராத்திரி புழுக்கம்னா பித்தியம், பித்தியம் ஒரு ராத்திரியிலயே அடிச்சுட்டு போயிடும். மருந்து அடிச்சா லேபிள்ல இருக்கற அளவ தாண்டாதீங்க, ஒரே மருந்த திரும்ப திரும்ப அடிக்காதீங்க, பூஞ்சை அத பழகிக்கும்.

கூரை பெருசா இருக்கற ஸ்டேடியம்னா உங்க நிஜமான எதிரி நிழல். வெயில் இல்லாம புல்லு நீளமா, மெல்லிசா, நோஞ்சானா வளரும். அதுக்கு தான் சக்கரம் வெச்ச பெரிய லைட் வண்டிகள உருட்டி உருட்டி நிறுத்தறது. சோடியம் லைட்டு வெளிச்சத்தோட சூடும் குடுக்கும், எல்இடி சூடு கம்மி, குளிர்காலத்துல இந்த வித்தியாசத்த மறந்தா லைட்டு எரியும், புல்லு வளராது. 2016 யூரோ கோப்பையில, பிரான்ஸ்ல இருக்கற லில் ஸ்டேடியத்துல போட்டி நடந்துக்கிட்டு இருக்கும்போதே மொத்த புல்லையும் மாத்த வேண்டியதாச்சு, பணமும் ஆளும் இருக்கற இடத்துலயே இப்படி நடக்கும்னு கிளப் மேனேஜ்மெண்ட்டுகிட்ட லைட்டுக்கு பட்ஜெட் கேக்கும்போது சொல்லுங்க.

மேட்ச் முடிஞ்சதும் தான் நம்ம மேட்ச் ஆரம்பிக்குது. எல்லாரும் வரிசையா ஃபோர்க் எடுத்துக்கிட்டு கிரவுண்ட அங்குலம் அங்குலமா நடக்கணும். பேந்த புல்ல சரி பண்ணும்போது புதுசா வர்ற பசங்க எல்லாரும் ஒரே தப்ப பண்றாங்க, ஃபோர்க்க குத்தி கீழேருந்து மேல நெம்பறாங்க. நெம்பினா வேர் அறுந்துடும், கூடவே சின்ன மேடு வந்துடும். பள்ளத்தோட ஓரத்துல சாய்வா குத்தி, ஓரத்து மண்ண பள்ளத்தோட நடுவுக்கு தள்ளணும், பேந்த துண்டு வேரோட முழுசா இருந்தா திருப்பி வெச்சு மிதிக்கணும், பிஞ்சு போயிருந்தா எடுத்து போட்டுட்டு மணலும் முளைகட்டின விதையும் கலந்து நிரப்பணும். அப்புறம் ரோட்டரி, அப்புறம் தேவைன்னா தண்ணி, லைட்டு. இத மறுநாளைக்கு தள்ளி போட்டா வெயில்ல அந்த துண்டெல்லாம் காஞ்சுடும்.

ஹெட்டுன்னு பேரு வந்ததும் பாதி வேலை புல்லோட இல்ல, மனுஷங்களோட. கோல்கீப்பர் கோச் தினமும் ஒரே கோல் வாயில டைவ் அடிக்க வைப்பாரு, அவருகிட்ட சண்ட போடாதீங்க, நகர்த்தற கோல ஒண்ண எடுத்து ஓரமா போட்டு குடுங்க, வாம் அப் இடத்த வாரா வாரம் மாத்தி கயிறு கட்டி வைங்க. உறைபனி விழுந்த காலையில யாரும் கால் வைக்க கூடாது, அது கிளப்போட மேனேஜிங் டைரக்டரா இருந்தாலும் சரி, இலைக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு இருக்கும்போது மிதிச்சா செல்லு உடைஞ்சு, அவரு காலடி தடம் ரெண்டு வாரத்துக்கு கருப்பா எல்லாருக்கும் தெரியும். மழை நாள்ல விளையாடலாமான்னு முடிவு பண்றது ரெஃப்ரி, ஆனா அவரு வர்றதுக்கு முன்னாடியே நீங்க பந்த உருட்டி, தட்டி பாத்து எங்க நிக்குதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும். தண்ணி நிக்கற இடத்துல ரோலர் மட்டும் ஓட்டிடாதீங்க, இருக்கற கொஞ்சநஞ்ச ஓட்டையும் மூடிக்கும்.

இதெல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. தேதி, மண்ணு சூடு, ஈரம், வெட்டின புல்லு எவ்வளவு வந்துச்சு, எத்தன மணி நேரம் ஆடினாங்க, கத்தில வெட்டினப்ப வேர் எத்தன சென்டிமீட்டர். கிரவுண்டு கெட்டு போச்சுன்னு மீட்டிங்ல கத்தும்போது, போன மாசம் டிரெயினிங் எத்தன மணி நேரம் நடந்துச்சுன்னு நோட்ட திறந்து காட்டினா ரூமே அமைதியாயிடும்.

சீசன் முடிஞ்சதும் கோரோ மெஷின வெச்சு மேல இருக்கற எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடுவோம், புல்லு, செத்த புல்லு, களை எல்லாம். ஹைப்ரிட்னா நார வெட்டாம அழுக்க மட்டும் வாரற ரோட்டர் தனியா இருக்கு, தப்பான ரோட்டர போட்டா அவ்வளவு தான். அப்புறம் ஆழமா குத்தி, மணல் போட்டு, மட்டம் பண்ணி, சதுர மீட்டருக்கு 35 கிராமுக்கு மேல ரை விதை, அதாவது மொத்தம் 250 கிலோவாவது, ரெண்டு மூணு திசையில குறுக்கும் நெடுக்குமா விதைக்கணும். இந்த சமயத்துல மட்டும் தண்ணி விதி தலைகீழ், விதை காயவே கூடாது, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை லேசா விடணும். மண்ணு சூடா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள பச்சையா புகை மாதிரி தெரிய ஆரம்பிக்கும், மூணாவது வாரம் பாக்க முழு கிரவுண்டு மாதிரியே இருக்கும். கரெக்டா அப்ப தான் கோச் போன் பண்ணுவாரு, சும்மா லேசா ஒரு செஷன் போடலாமான்னு. குறைஞ்சது ஆறுலேருந்து எட்டு வாரம் வேணும்னு வாயால சொன்னா அவரு கேக்க மாட்டாரு. கத்திய எடுத்து ஒரு துண்டு வெட்டி, பக்கத்துல ஸ்கேல் வெச்சு, அந்த குட்டி வேர போட்டோ புடிச்சு அனுப்பிடுங்க.